நூற்று இருபத்தைந்து விநாடி

நீடாமங்கலம். உரக்கடை மாடி.
யூரியா வாசம் படியேறி வரும் அறையில்
பதினோரு சுவிட்சு, ஒரு ரவுட்டர், நான்.
வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற தலைப்பு
இங்கிருந்து சைக்கிள் தூரம்.

தண்ணீர் பிரிந்தால் குறையும்.
பாமணிக்கு விட்டது கோரையாற்றுக்கு இல்லை.
அதனால் ஷட்டருக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி,
சாவிக்கு ஒரு லஸ்கர்,
லஸ்கரைச் சுற்றி ராத்திரியில் நாலு ஊர்க்காரர்கள்.

என் சரக்கு வேறு மாதிரி.
பிரிகிற இடமெல்லாம் பெருகும்.
மேலே ஒரு படி வந்தால்
கீழே ஒவ்வொரு வாய்க்கும் ஒரு முழுப் படி,
கேட்டவனுக்கும், கேட்காதவனுக்கும்.
குறையாத ஒன்றுக்குத்தான்
கூடுதலாகப் பூட்டு வேண்டியிருக்கிறது.
எட்டு வருஷமாகியும் இதை
லோன் தரும் பேங்க் மேனேஜருக்கு விளக்க முடியவில்லை.

அன்று ஐப்பசிக் கடைசி.
சம்பாவுக்குக் காப்பீடு கட்ட இரவு பன்னிரண்டோடு கெடு.
ஒன்பதரைக்கு போன்,
தில்லைவிளாகம் இ-சேவை மையம், ரஹமத்நிஷா:
"வட்டம் சுத்துதுங்க மேடம், சுத்திக்கிட்டே இருக்கு.
வாசல்ல நாப்பத்தொரு பேரு
சிட்டா அடங்கலோட. மழை வேற."

கிராஃபைத் திறந்தேன்.
கடைமடை வரைக்கும் கரைதட்டி ஓடுகிறது,
ஒருவரும் ஒரு வாய் குடிக்கவில்லை.
இருநூற்று முப்பத்தொன்பதில் தொடங்கும் முகவரிகள்,
எண்ணினால் பதினாறு.
போர்ட் போர்ட்டாகப் பின்னால் நடந்து
மன்னார்குடி தாண்டி ஒரு ரைஸ்மில்லில் போய் நின்றேன்.
சிங்காரவேலு மழைக்கோட்டோடு போய்ப் பார்த்துச் சொன்னான்:
"புதுசா பதினாறு கேமரா. எல்லாம்
நெல்மூட்டையத்தான் பாக்குது."

மில்காரருக்குத் தெரியாது,
ஜாம்பவானோடை வரைக்கும் வீட்டுக்கு வீடு
தன் மூட்டைகள் போய் நிற்பது.
கதவைத் திறந்தவர் யாருமில்லை.
அறுத்த நெல்லின் படம்
அறுக்காத நெல்லின் பணத்தை
வழிமறித்துக்கொண்டிருந்தது.

தட்டினேன்.
சுவிட்சுகளே, ஒட்டுக்கேளுங்கள்:
கை தூக்கிய கதவுக்கு மட்டும் விடுங்கள்.
மில்லைச் சுற்றி ஒரு வரப்பு,
மில்காரர் வீட்டுக்கு ஒரே ஒரு வாய்க்கால்,
அதற்குப் பன்னிரண்டு என்று உச்சவரம்பு,
நிலத்துக்கு வைத்தார்களே, அது மாதிரி,
ஆனால் இதற்குப் பினாமி கிடையாது.
மீறி வருவது நொடிக்கு நாலு மெகாபிட்;
அதற்குமேல் தரையில் கொட்டு.
கடைசி வரிக்கு என்டர் அழுத்தும்போது
பத்து ஐம்பத்தெட்டு.
மதகு இறக்கியதுபோல் கோடு விழுந்தது.

பிறகு ரவுட்டர் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது.
நூற்று இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை
எல்லாக் கதவிலும் போய்க் கேட்கும்:
யாருக்கு வேண்டும்?
பதில் வராத கதவை உடனே மூடாது.
இன்னொரு முறை கேட்கும்.
அப்புறம்தான் மூடும்.
எந்த ஆபீசிலும் இந்த மரியாதை
எனக்குக் கிடைத்ததில்லை.

பன்னிரண்டு பத்துக்கு மறுபடி ரஹமத்நிஷா.
"முப்பத்திநாலு பேருக்குப் போயிடுச்சுங்க."
மிச்சம்?
"தேதி மாறிடுச்சுல்ல."
போனுக்குள் மழை.
பின்னால் ஒரு ஆண் குரல்:
தொறக்குமான்னு கேளும்மா.

ரிப்போர்ட் எழுதினேன்.
கோளாறு தெரிந்தது 21:30. சரிசெய்தது 22:58.
தற்போது விடுபடும் பாக்கெட்: பூஜ்யம்.
ஏழு என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

காலை ஏழுக்கு மில் மேனேஜர்.
நாலு கேமராவில் படம் வரவில்லையாம்.
பன்னிரண்டு போதும் சார்,
மூட்டை எங்கேயும் ஓடிடாது என்றேன்.

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தால்
பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது.
தில்லைவிளாகத்தில் மையம் இன்னும் திறக்கவில்லை,
பதில் இல்லை.
இன்னொரு முறை கேட்டது.